ஆறு ஆல்பமும் ஒரு பயமும்

ஆறாவது இடத்தில் எங்கள் காமெடிப் பாட்டுக்காரருடைய கடைசி ஆல்பம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் ஒரு கூட்டம் சிரிக்கும் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் சேர்த்திருக்கிறார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவருடைய ரசிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு ஆல்பங்கள் இருந்திருந்தால் அது ஏழாவதாக வந்திருக்கும்.

இந்த வரிசையை நான் விளையாட்டாகப் போடவில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராக இருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பாடம் படித்த முதல் ஆள் நான்தான். இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். சரியான பாகத்துக்குப் பச்சை அட்டை, தவறானதற்குச் சிவப்பு, முடிவு செய்ய முடியாததற்கு மஞ்சள் என்று நாள் முழுக்கக் கட்டுவது என் வேலை. ஆல்பங்களுக்கும் அதே முறையைத்தான் கடைப்பிடித்தேன்.

பாட்டுக்காரர் எங்கள் பக்கத்து ஆள்தான். ஒரு காலத்தில் இரும்பு உருக்கும் மில்லில் வேலை பார்த்தவர் என்கிறார்கள். ஹார்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு காமெடிப் பாட்டுப் பாடுவார். எழுதுவதும் அவரே. பாடும்போது மட்டும் சிரிக்க மாட்டார். துக்க வீட்டுக்கு வந்து பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவரைப் போல முகத்தை வைத்திருப்பார். அவருடைய ரசிகர் குழுவில் என் கைப்பேசி எண் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் குழுவில்தான் வரிசையை வெளியிட்டேன்.

ஐந்தாவது, கல்யாண ஆல்பம். ரசத்தைப் பற்றிய பாட்டு நன்றாக இருக்கும். மற்றவை எல்லாம் ரசம் மாதிரியே இருக்கும். நான்காவது, கம்பெனி பஸ் ஆல்பம். டீக்கு நிறுத்தும் டிரைவர் ஆளுக்கு நிறுத்த மாட்டார் என்கிற பாட்டு அதில்தான் இருக்கிறது. எங்கள் பஸ் டிரைவர் அதைத் தினமும் சத்தமாக வைப்பார். அது தன்னைப் பற்றியது என்று அவருக்கு இதுவரை தோன்றவில்லை. மூன்றாவது, முதல் ஆல்பம். யாரோ வீட்டு மாடியில் பதிவு செய்தது. இரண்டாவது பாட்டில் ஒரு நாய் குரைக்கும். அது சுருதியோடுதான் குரைக்கிறது என்று குழுவில் ஒரு தரப்பு உண்டு. நான் அந்தத் தரப்பு.

இரண்டாவது, நைனா ஆல்பம். ஆந்திர எல்லையைத் தாண்டித் தடாப் பக்கத்தில் பெண் எடுத்தவன் மாமனார் வீட்டில் படும் பாடு. ஒரு வரி தமிழ், ஒரு வரி தெலுங்கு. என்னோடு லைனில் வேலை பார்க்கும் அக்காவுக்கு அதுதான் உயிர். அவர் எல்லையோரக் கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வரிசை வெளியான மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாடி, நைனாவ ரெண்டாவதா தள்ளிகினுகீற? கண்ணு அவிஞ்சிபோச்சா?"

"பாட்டுதானக்கா. காதால கேக்கறது."

"அப்ப காதும் அவிஞ்சிபோச்சி. மொத எடத்துல எத்த வெச்ச?"

சிரிக்காத ஆல்பத்தை. அட்டையில் அவருடைய முகம் மட்டும் இருக்கும் என்பதால் அதற்கு நாங்கள் வைத்த பேர் அது. அதில் கடைசிப் பாட்டு ஒன்று உண்டு. மற்ற எல்லாப் பாட்டிலும் ஓடுகிற ஹார்மோனியம் இதில் மட்டும் நடக்கும்.

'முந்தியில முடிஞ்சாந்த பயம் – எங்கம்மா
மூணு பேருக்கும் பங்கு வெச்ச பயம்
உரிச்சுப் பாத்தா உள்ள வெள்ளையாகீது
தோலு மட்டும் வாசல்ல ஆள வயுக்குது.'

இந்தப் பாட்டுக்காக மட்டுமே அந்த ஆல்பத்துக்கு முதல் இடம் கொடுத்தேன். காரணத்தையும் எழுதினேன். உழைக்கும் தாய் தன் அச்சத்தை முந்தானையில் முடிந்து வந்து பிள்ளைகளுக்குப் பங்கிடுகிறாள். அச்சத்தைத் தோலுரித்தால் உள்ளே இருப்பது களங்கமின்மை. அச்சம் போன பிறகும் அதன் தோல் நம்மைச் சறுக்க வைக்கிறது. சிரிக்க வைப்பவர் என்று நாம் நினைத்தவர் சிந்திக்கவும் வைத்திருக்கிறார். இப்படிப் பன்னிரண்டு வரி. குழுவில் இதயமும் கைகூப்பலுமாகக் குவிந்தன. யாரும் மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்த வருஷம் எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு அவரையே அழைத்துவிட்டார்கள். பூஜை அன்று குடும்பத்தோடு வரலாம். அவர் மூன்று பாட்டுப் பாடுவார். பாட்டைத் தேர்ந்தெடுத்து மேடையில் அறிமுகம் செய்ய வேண்டியது நான். சுத்தமான தமிழ் பேசுகிறவள் என்று எனக்குக் கம்பெனியில் பேர் உண்டு. மூன்றாவது பாட்டாகப் 'பயம்' என்று கொடுத்தேன். என் பன்னிரண்டு வரியை அழைப்புத் தாளின் பின்பக்கத்தில் அச்சடித்து எல்லோருக்கும் விநியோகித்தார்கள்.

அம்மாவிடம் சொன்னபோது முதல் தடவையாக என் கம்பெனி விஷயம் ஒன்றைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அந்தப் பாட்டு என்றால் அவளுக்கு உயிர். வேறொரு கம்பெனி கேன்டீனில் இருபது வருஷமாகப் பாத்திரம் துலக்குகிறாள். துலக்கும்போது அதைத்தான் முனகுவாளாம். விழாவுக்காக லீவு கேட்டாள். புது ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் சாயந்தரம் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழைப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா எய்திகீறேன்னு பட்ச்சிதான் காட்டேன்."

படித்துக் காட்டினேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு. கீரை உருவிய கை நின்றுவிட்டது. மனம் கலங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"யாருக்குடி பயம்?"

"எல்லாருக்கும்மா. தலைமுறை தலைமுறையா வர்ற பயம்."

"தலமொறையா எங்க வந்துச்சி? அன்னன்னிக்கி வந்துச்சி. வெச்சிருந்தா கருத்துப்பூடும்."

நான் தாளைக் கீழே வைத்தேன்.

"அம்மா, நீ எதைச் சொல்ற?"

"வாயப்பயத்த."

கையில் இருந்த கீரையை முறத்தில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள், போதவில்லை.

நடந்ததை ஆய்வாளர் முறையில் சொல்கிறேன். எங்கள் ஊரில் ழ கிடையாது. மழை மயைதான், பழம் பயம்தான். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒப்புவித்தல் போட்டியில் ழகரத்துக்காகவே எனக்குப் பரிசு கொடுத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரையும் திருத்தினேன். நாளடைவில் என் காது தானாகவே திருத்திக் கேட்கப் பழகிவிட்டது. அவர் 'வயுக்குது' என்று பாடியதை வழுக்குது என்றுதான் கேட்டேன். பயத்தை மட்டும் திருத்தவில்லை. அது ஏற்கெனவே சரியான ஒரு சொல்லாக இருந்தது. தொழிற்சாலையிலும் இது நடப்பதுதான். அளவு ஒன்றாக இருந்தால் வேறு வண்டியின் பாகம்கூட அளவு பார்க்கும் கேஜில் அழகாக உட்காரும்.

"நெஜமாவே தெரியாதா?" என்றாள் அம்மா. "நான் எட்துகினு வர்லே? கேன்டீன்ல சாப்பாட்டோட ஒண்ணு குட்ப்பான். உங்க ரெண்டு பேருக்கும் உங்கப்பனுக்கும் மூணா கிள்ளுவேன்."

தெரியும். ஒரு பக்கம் நசுங்கி, அவள் இடுப்புச் சூட்டோடு இருக்கும். 'பாப்பா, பயம் துன்னு' என்பாள். 'பயம் இல்லம்மா, பழம்' என்பேன். 'சரி, பயம்' என்பாள். திருத்திவிட்டு வாங்கித் தின்பேன்.

"மூணாவது பாட்ட மாத்திடறேன்மா. நைனா பாட்டு ஒண்ணு பாடட்டும்."

அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் எதுக்கு வர்றது? எனுக்கு தெலுங்கு தெரியாது."

"தாள்ல அச்சடிச்சு ஊருக்கே குடுத்துட்டாங்கம்மா. அவர் முன்னாடி நான் எப்படி நிக்கறது?"

"நீ தப்பா எய்தினதுக்கு எம் பாட்ட ஏன்டி நிறுத்தற?" என்று சொல்லிவிட்டுக் கீரைக் காம்புகளை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று அந்த ஆல்பத்துக்கு மனசுக்குள் மஞ்சள் அட்டை கட்டினேன். அதன் கீழே எனக்கும் ஒன்று.

காலையில் கம்பெனியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வாழை. வாசலில் மரம், இயந்திரங்களில் கன்று, என் ஆய்வு மேசையில் சந்தனம் பூசிய கேஜுக்கு முன்னால் ஒரு சீப்பு. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா, அந்தப் பாட்டுல பயம்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வாயப்பயம்தான?"

"அப்ப ஏன் சொல்லல?"

"பட்ச்ச பொண்ணு, இன்னாமோ உள்ளர்த்தம் சொல்றேன்னு நென்ச்சோம். குரூப்ல எல்லாரும் அத்தான் நென்ச்சாங்க."

பாட்டை மாற்றிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. மாற்றவில்லை என்றும் சொல்லவில்லை, நானே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. புது ஜாக்கெட்டோடு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். மேடையை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

அவர் இரண்டு பாட்டுப் பாடி முடித்தார். ரசப் பாட்டு, நாய்ப் பாட்டு. நாய் வராததால் குரைப்பையும் அவரே பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டி அழைப்புத் தாளை எடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். மைக் திறந்திருந்தது.

"'அச்சத்தைத் தோலுரித்தால் உள்ளே இருப்பது களங்கமின்மை'" என்று முகம் மாறாமல் படித்தார். "யாரும்மா எய்தனது?"

நான் மேடை ஓரத்தில் இன்னொரு மைக்கோடு நின்றிருந்தேன்.

"நான்தாங்க."

"எந்தப் பாட்டுக்கு?"

நைனா என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அக்காவும் சந்தோஷப்பட்டிருப்பார். அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"பயம் பாட்டுக்குங்க" என்றேன்.

"எந்தப் பயம்மா?"

ஆறாம் வகுப்புக்குப் பிறகு என் வாயில் வராத சொல். மைக்கில் தெளிவாகச் சொன்னேன்.

"வாயப்பயம்."

கூடம் முழுக்கச் சிரித்தது. அது எந்தக் கம்ப்யூட்டரிலும் சேர்க்காத சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப செரி" என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹார்மோனியத்தில் கையை வைத்தார். பாட்டு முடியும் வரை அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

திரும்பும்போது எல்லோருக்கும் பொரி, இனிப்பு, பழம் போட்ட பை கொடுத்தார்கள். அம்மா அதிலிருந்து இரண்டு பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பையிலயே இருக்கட்டுமே. இன்னிக்கு கேட்டுல யாரும் பாக்க மாட்டாங்க."

"பயக்கம்" என்றாள்.

கேன்டீன் சாமானை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பது எல்லாக் கம்பெனியிலும் உள்ள விதி என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்பல்லாம் செக் பண்ணுவாங்க இல்ல? பயமா இல்லையா?"

"கேட்டுல பயந்தா பயம் வெளிய வராதுடி."

பஸ்ஸில் முடிச்சை அவிழ்த்து ஒன்றை என்னிடம் கொடுத்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பினார்.

"இப்பனாச்சும் நைனாவ மொத எடத்துல போடு."

"முடியாதுக்கா. காரணத்த மட்டும் மாத்தி எழுதணும்."

தின்று முடித்துத் தோலோடு கையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தோல ரோட்ல போடாத. எவனாச்சும் வயுக்கி உயுவான்."