ஹெட்ட நங்கியின் கத்தி

கித்துல்கலைக்கு மேலேயுள்ள றப்பர் தோட்டத்தில், நாலாம் நம்பர் மலையின் இருநூற்று எண்பத்து நான்கு மரங்கள் சுதர்ஷினியின் பொறுப்பு. ஒன்பது வருடமாகப் பால் வெட்டுகிறாள். ஆனால் அவளுடைய கத்தியை அவள் ஒரு நாளும் தீட்டியதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த அண்ணன் பழனியாண்டி, சாயங்காலம் தன் கத்தியைத் தீட்டி முடித்ததும் அவளுடையதையும் தீட்டி அவள் வாசல் ஆணியில் மாட்டிவிடுவார். காலையில் அவள் எடுத்துக்கொண்டு போவாள். கத்தி என்றால் கூராகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆகஸ்ட் மாதம் பழனியாண்டிக்குப் பெல்மதுளையில் ஒரு இரும்புக்கடையில் வேலை கிடைத்தது. போகும்போது தீட்டுக்கற்கள் இரண்டையும் துணியில் சுற்றி அவளிடம் கொடுத்தார். அகலமானது கத்தியின் வெளிப்பக்கத்துக்கு, விரல் தடிப்பில் இருப்பது உள்வளைவுக்கு. அவள் அவற்றை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் ஃபோனில் கூப்பிடுவார்.

"கத்தி தீட்டுனியா?"

"நாளைக்குத் தீட்டிக்கிறேண்ணே."

"போன வாரமும் இதத்தானே சொன்ன?"

"சரி, மாத்திச் சொல்றேன். நாளான்னைக்குத் தீட்டுறேன்."

கத்தி மட்டுமில்லை. மகளின் பாடசாலைச் சட்டைக்குப் பொத்தான் தைப்பது, ஒழுகுகிற கூரைத் தகரத்துக்குத் தார் வைப்பது எல்லாமே நாளைக்குத்தான். சிங்களத்தில் நாளைக்கு என்றால் ஹெட்ட. பக்கத்து மலையில் வெட்டும் சிங்களப் பெண்கள் அவளுக்கு 'ஹெட்ட நங்கி' என்று பேர் வைத்துவிட்டார்கள். நாளைக்குத் தங்கச்சி! அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

செப்டம்பருக்குள் காலையில் எழும்புவதே அவளுக்குப் பாரமாகிவிட்டது. ஐந்து மணிக்கு எழும்பியவள் ஆறேகாலுக்கு எழும்பினாள். றப்பர் பால் வெயிலுக்குக் காத்திருக்காது. சூடு ஏற ஏற மரத்தில் வடிவது குறையும். மற்றவர்கள் பால் சேர்க்க வாளியோடு இறங்கும் நேரத்தில் அவள் இன்னும் கடைசி வரிசையை வெட்டிக்கொண்டிருப்பாள். அவசரத்தில் அழுத்துவாள். அழுத்தினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கும். அப்படிக் காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும். பிறகு அங்கே வெட்ட முடியாது.

மாதக் கடைசியில் வெளிக்கள உத்தியோகத்தர் சாலி அவளுடைய மலையைப் பார்க்க வந்தார். காயம் கண்ட இடத்திலெல்லாம் வெள்ளைச் சோக்கால் வட்டம் போடுவது அவர் வழக்கம். அன்று சோக்கு ஒன்று முடிந்து இரண்டாவதை எடுத்தார்.

கீழ் மலைக்காரி அழகம்மா எட்டிப் பார்த்தாள். "என்னாடி, மரத்துக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கு? கல்யாணமா?"

சாலி சிரிக்கவில்லை. "இந்தா பாருங்க சுதர்ஷினி. அடுத்த மாசக் கடைசியிலயும் இப்படி இருந்தா, மலைய வேற ஆளுக்குக் குடுப்பேன். நீங்க புல்லு வெட்டப் போகலாம்."

புல்லு வெட்டு என்றால் சாயங்காலம் நாலரை வரைக்கும் வேலை. பால் வெட்டு என்றால் மத்தியானம் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். அவளுடைய மகள் ரெண்டாம் ஆண்டு படிக்கிறாள், ஒன்றரைக்குப் பாடசாலை விடும். புருஷன் கொழும்பில், அண்ணன் பெல்மதுளையில். நாலாம் நம்பர் மலை கைவிட்டுப் போனால், பிள்ளை மூன்று மணி நேரம் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அன்றிரவே ஃபோனில் நாலே முக்காலுக்கு அலாரம் வைத்தாள். அது அடித்தது. அணைத்துவிட்டுப் படுத்தாள். அடுத்த நாள் ஃபோனை அடுப்படியில் வைத்தாள். எழும்பிப் போய் அணைத்துவிட்டு, அங்கேயே சாக்கில் உட்கார்ந்து தூங்கினாள். ஒரு வாரம் இப்படியே போனது.

இரண்டாவது வாரம் ஒரு நாள், அழகம்மா க்ளினிக்குக்குப் போக வேண்டும் என்று சீக்கிரமே வெட்டி முடித்தாள்.

"சிரட்டையில விழுந்த பாலச் சேத்துர்றியா? ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"சரிக்கா, போயிட்டு வாங்க. ஒங்க கத்தி எங்க?"

"மரத்துல மாட்டியிருக்கேன். நீயே எடுத்துட்டு வந்துரு."

அந்தக் கத்தியை எடுத்தவள், தன் மலையின் கடைசிப் பதினைந்து மரங்களையும் சும்மா அதிலேயே வெட்டிப் பார்த்தாள். பழுத்த பப்பாசியின் தோலில் போவதுபோலப் பட்டையில் அது வழுக்கிக்கொண்டு போனது. தோள் இறுகவில்லை, மணிக்கட்டு நோகவில்லை. சீவல் மெல்லிசாக, ஒரே நீளமாகச் சுருண்டு விழுந்தது. பதினைந்து மரமும் எப்போது முடிந்தது என்று தெரியவில்லை.

அவள் தன் கத்தியை எடுத்துப் பார்த்தாள். அதன் வாயை, கூர் இருக்க வேண்டிய விளிம்பை, பெருவிரலால் தடவினாள். காலையில் கண் விழித்ததும் உடம்பு ஏன் போர்வைக்குள் ஒடுங்குகிறது என்று அவளுக்கு இப்போது விளங்கியது. குளிருக்குமில்லை, ஏற்றத்துக்குமில்லை. இருநூற்று எண்பத்து நான்கு மரத்திலும் இந்த மொட்டைக் கத்தியை இழுக்க வேண்டுமே என்பதற்குத்தான்.

அன்று சாயங்காலம் அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து கற்கள் வெளியே வந்தன. முதல் நாள் உள்வளைவில் அகலக் கல்லைப் போட்டுக் கத்தி வாயைக் கெடுத்தாள். இரண்டாம் நாள் பெருவிரலை வெட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் களைப்பு. நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்துவிட்டாள். காலையில் வெட்டும்போது அதற்கான பலன் மணிக்கட்டு நோவாகக் கிடைத்தது.

அதன் பிறகு ஒரு வேலை செய்தாள். வீட்டில் கல்லை வைக்காமல், லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தாள். பீலியில் தண்ணீர் நூலாகத்தான் விழும். ஒரு வாளி நிறைய எப்படியும் பத்து நிமிஷம் ஆகும். இதுவரை அந்தப் பத்து நிமிஷமும் ஃபோனில் போனது. இப்போது வாளியை வைத்ததும் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தாள். தண்ணீர் பிடிக்காமல் எந்த வீட்டிலும் இராச்சோறு இல்லை. ஆகையால் தீட்டாத நாளும் இல்லை என்றானது.

"என்ன நங்கி, அதவா ஹெட்டவா?" என்று சிங்களப் பெண்கள் கேலி செய்தார்கள், இன்றைக்கா நாளைக்கா என்று.

"அத தமாய்!" என்றாள் அவள். இன்றைக்கேதான்.

மூன்றாவது வாரம் அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்தது. ஐந்தரைக்கு முதல் மரத்தில் நின்றாள். சட்டைக்குப் பொத்தானும் வந்தது. தகரத்துக்குத் தார் இன்னும் வரவில்லை.

ஒக்டோபர் கடைசியில் சாலி மறுபடி வந்தார். வரிசை வரிசையாக நடந்தார். பழைய வட்டங்கள் மழையில் அழிந்திருந்தாலும் முண்டுகள் அப்படியே இருந்தன. அவர் பார்த்தது அவற்றுக்குக் கீழே வந்திருந்த புது வெட்டை. மலை முழுவதற்கும் மூன்று வட்டம்தான் போட்டார்.

"அண்ணன் லீவுல வந்திருக்காரா?"

"இல்லிங்க ஐயா."

"அப்ப யாரு கத்தி தீட்டுறது?"

"நாந்தாங்க."

சாலி அவளுடைய பெருவிரலைப் பார்த்தார். நாலு கீறல், ஒரு ப்ளாஸ்டர். சோக்கைப் பையில் போட்டார். "மலை ஒங்களுக்கே இருக்கட்டும். அந்த மூணும் அடுத்த மாசம் இருக்கக் கூடாது."

தீபாவளிக்குப் பழனியாண்டி வீட்டுக்கு வந்தார். தேநீர் குடித்து முடித்ததும் பழக்கத்தில் எழும்பி, அவள் வாசல் ஆணிக்குக் கை நீட்டினார். ஆணியில் கத்தி இல்லை.

"கத்தி எங்க?"

"பீலியடிக்குக் கொண்டு போறேன்." அவள் ஒரு கையில் கத்தியும் மறு கையில் வாளியுமாக நின்றாள்.

"நாளைக்கு லீவுதானே புள்ள. குடு, நான் தீட்டி வைக்கிறேன்."

"நீங்க கத்தி வாயத் தடிப்பா வச்சிருவீங்க. எனக்கு மெல்லிசா இருக்கணும்."

அப்படிச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பழனியாண்டி வாசலிலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில், வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தோடு கல்லில் இரும்பு உரசும் சத்தமும் கேட்டது. அது நிற்கும் வரைக்கும் அவர் உள்ளே போகவில்லை.