மதினியின் தெலுங்கு

எங்கள் வீட்டில் ஒரே அடுப்படிக்குள் இரண்டு அடுப்புகள் எரிந்த காலம் ஒன்று உண்டு. கிழக்குச் சுவரோரம் இருந்த பெரிய அடுப்பில் மதினி, என் அண்ணன் மனைவி, எல்லோருக்கும் சமைப்பாள். மேற்கு மூலையில் அம்மா தன் கையால் மண் குழைத்துப் போட்ட சின்ன அடுப்பில், தனக்கு மட்டும் ஒரு கை அரிசி பொங்கிக்கொள்வாள். இரண்டுக்கும் எரிப்பது ஒரே காட்டில் பிடுங்கிக் காயவைத்த பருத்திமார்க் குச்சிதான், இரண்டுக்கும் தண்ணீர் ஒரே குடத்திலிருந்துதான். ஆனாலும் அம்மா மதினி பொங்கிய சோற்றை வாயில் வைக்கமாட்டாள். நான்கு வருடம் இப்படியே ஓடியது.

எண்பதுகளின் பின்பாதி அது. எங்கள் ஊர் பந்தல்குடிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்குள். கொத்தமல்லியும் மிளகாயும் பருத்தியும் போடுவோம். மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசுவோம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ் என்பது எங்கள் வழக்கம். எங்கள் தெலுங்கை யாருக்கும் எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. அண்ணன் ஒருமுறை அலுவலகப் பயிற்சிக்காக ஹைதராபாத் போய், அங்கே தெலுங்கு பேசி, அத்தனை பேரும் சிரித்துவிட்டார்களாம். திரும்பி வந்தபிறகு அவன் வீட்டிலும் தமிழுக்கு மாறிவிட்டான். அம்மாவோ அந்தப் பேச்சை நகைப்பெட்டி மாதிரி வைத்திருந்தாள். சொந்தம் இல்லாதவர்கள் முன்னால் அதைத் திறப்பதே அவர்களை வெளியே நிறுத்திப் பூட்டத்தான். வெளியாள் யாராவது வந்தால் சட்டென்று தெலுங்குக்கு மாறி, வந்தவரைப் பற்றி வந்தவர் எதிரிலேயே எங்களிடம் சொல்லி முடித்துவிடுவாள்.

அண்ணன் திருச்சுழியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மதினி அங்கே டைப்பிஸ்ட். பாளையம்பட்டிக்காரி, வாத்தியார் மகள், சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீடு, தமிழைத் தவிர வேறு பேச்சு அறியாதவள். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மாலையோடு வந்து நின்றபோது, அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மா வெளியே போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத் தெலுங்கில், “கால் கழுவத் தண்ணீர் கொடு” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து மதினியிடம் அவள் நேராகப் பேசவே இல்லை. எதைச் சொல்ல வேண்டுமானாலும் தெலுங்கில் என்னிடம் சொல்வாள். பக்கத்திலேயே நிற்கும் மதினிக்கு நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு, வீட்டில் இது இரண்டாவது படிப்பு.

கல்லூரி என்றதும் என் சங்கதியையும் சொல்லியாக வேண்டும். ஊரில் என் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள். டவுன் பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை ஓயாமல் பேசுகிறவள் நான். ஆனால் ஆங்கில வகுப்பில் பேராசிரியை கேள்வி கேட்டால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதிலை மனதுக்குள் மூன்று தரம் திருத்தி, இனி தப்பு வராது என்று எழுந்திருப்பதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கும். டவுன் பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான். வாயாடிக்குப் புது மொழி சீக்கிரம் வரும் என்று சொல்பவர்கள் என்னை ஒரு வாரம் பார்த்திருந்தால் போதும். வாய் நீளமாக இருக்கிறவர்களுக்கு மானமும் கொஞ்சம் நீளம்.

மதினி இதற்கு நேர் எதிர். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். வேலை செய்துகொண்டே இருப்பாள், காது மட்டும் விழித்திருக்கும். ஒருநாள் காலை பெரிய அடுப்பின் முன் அவள் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தாள். அம்மா மூலையில் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தி நிமிர்ந்து, “அவள் முந்தானை நெருப்பில் விழப்போகிறது” என்று தெலுங்கில் என்னிடம் சொன்னாள். அவசரத்திலும் அம்மா வழக்கத்தை விடவில்லை பாருங்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மதினியின் கை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிவிட்டது. அம்மா அதற்குள் முறத்துக்குத் திரும்பியிருந்தாள். மதினி மெல்ல என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

பிற்பகல் கொல்லையில் துணி காயப்போடும்போது கேட்டேன். “மதினி, ஒங்களுக்கு வெளங்குதா?”

“வெளங்குது.” கொடியில் ஒரு சேலையை உதறிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “அத்தை ஒண்ணச் சொல்றாக. அதையே நீ தமிழ்ல சொல்ற. தெனம் இப்பிடி ரெண்டு ரெண்டு தடவ சொன்னா கல்லுக்குக்கூட வெளங்கும். ஆனா நீ கொஞ்சம் ஏமாத்துக்காரி. அத்தை சொல்றதுல பாதி எங்கிட்ட வந்து சேர்றதே இல்ல.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் சொன்னது உண்மை. “அந்தச் சோம்பேறியை, அப்பன் வீட்டில் ஒன்றும் பழகாதவளை, குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்” என்பது அம்மாவின் வாக்கியம். “மதினி, உப்பு கொஞ்சம் கம்மியாப் போடணுமாம்” என்பது என் மொழிபெயர்ப்பு. நான் வழியில் வீசிவிட்டேன் என்று நினைத்த வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு நேராகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அன்று அவளை நினைத்து அழுகை வந்தது, அம்மாமேல் கோபமும் வந்தது. அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். மதினி என் கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். நானும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் பெண் குழந்தை பிறந்தது. அம்மா பேத்தியைத் தூக்கிக் கொஞ்சுவாள், கண்ணே மணியே என்பாள், எல்லாம் தமிழில். பெற்ற பிள்ளைகள் எங்களைத் தெலுங்கில் தாலாட்டியவள், பேத்திக்கு ஒரு சொல் தெலுங்கு கொடுக்கவில்லை. அண்ணன் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தேன், மதினியும் கவனித்திருப்பாள். பிறகு நான் ஆசிரியர் பயிற்சிக்காக மதுரை விடுதிக்குப் போய்விட்டேன். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் அம்மா என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். சுவரைப் பார்த்துத் தமிழில் பேசினாளாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்கால முடிவில், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அண்ணன் விடுதிக்குப் போன் செய்தான். “ரெண்டு நாளா எந்திரிக்க முடியல. அவுக அடுப்பு பத்தவைக்கல. இவ கஞ்சி கொண்டுபோனா மொகத்தத் திருப்பிக்கிறாக. டாக்டர் ஊசி போட்டுட்டு, வெறும் வயித்தோட கெடந்தா கெழவி தாங்கமாட்டாங்கிறாரு. நீ உடனே வா.” அண்ணனுக்குத் தாசில்தாருக்கு மனு எழுதத் தெரியும், ஓர் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது. நான் பஸ் மாறி வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அம்மா கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. நான் பையைப் போட்டுவிட்டு நேராகச் சின்ன அடுப்புக்குப் போனேன். பருத்திமார் ஈரமாக இருந்தது. கண்ணெல்லாம் புகையாக ஊதிக்கொண்டிருந்தபோது, இரண்டரை வயதுப் பிள்ளை ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதியைத் தரையில் சிந்தியபடி கட்டிலருகே போய் நின்றது.

“அவ்வா, ரா. புவ்வா தினு.”

பாட்டி, வா, சோறு தின்னு. எங்கள் வீட்டுத் தெலுங்கு, அம்மாவின் அதே இழுவையோடு. அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் முதலில் பார்த்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று பிள்ளையிடம் தெலுங்கிலேயே கேட்டாள். பிள்ளை கதவு நிலையைக் காட்டியது. அங்கே மதினி நின்றிருந்தாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான்கு வருடமாக அவள் முன்னால் பேசிய ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஞாபகம் வந்திருக்கும். மதினி வந்த நாளிலிருந்து முதல்முறையாக, அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எம்புட்டு நாளாத் தெரியும் ஒனக்கு?”

“இவ வயித்துல இருக்கைலயே வெளங்கிருச்சு அத்தை. பேசத்தான் வரல. இவ பெறந்த பெறகு இவகிட்டப் பேசிப் பேசிப் பாத்தேன். பிள்ளை சிரிச்சாலும் அது கேலி இல்லைல்ல.”

“அம்புட்டும் கேட்டியா?”

“கேட்டேன்.”

“பெறகு ஏன் எங்கிட்ட அதுல ஒரு வார்த்த பேசல?”

மதினி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “அது உங்க பாஷை அத்தை. நீங்க கூப்பிடாம நான் எப்பிடி உள்ள வர்றது?”

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கோபம் என்றுதான் நினைத்தேன். முதுகு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நான் ஊதிய அடுப்பு எப்போது அணைந்தது என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து அம்மா திரும்பாமலே, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். “ரா,” என்றாள். “கூச்சோ.” வா, உட்கார். மதினி போய் உட்கார்ந்தாள். பிள்ளை சிந்தியது போக மிச்சமிருந்த கஞ்சியை அம்மாவுக்கு ஊட்டினாள். அம்மா வாங்கிக்கொண்டாள்.

அதற்கப்புறம் இருவரும் பேசிய பேச்சுக்கு அளவே இல்லை. எனக்கு மொழிபெயர்ப்பு வேலை போயிற்று. முப்பது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைப் பார்த்தால், இதற்கு வரவில்லை என்று எழுதிவிடக் கை வராது. எல்லாம் வந்திருக்கலாம், யாரும் கூப்பிடாமல் இருந்திருக்கலாம். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. பட்டணத்தில் இருந்து இருந்து என் தெலுங்கு தேய்ந்துவிட்டது. ஒரு சொல் மறந்துபோனால் பாளையம்பட்டி வாத்தியார் மகளுக்குத்தான் போன் செய்கிறேன்.

காய்ச்சல் தெளிந்த அடுத்த பொங்கலுக்குக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பந்தியில் மதினி பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர், “நீ எந்த ஊருப் பிள்ளம்மா? நம்ம பேச்சு இம்புட்டுச் சுத்தமா வருதே,” என்றார். மதினி வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“பாளையம்பட்டி. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

மதினி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி ஒரு கணம் நின்றது. “ஆமா மாமா, அத்தைதான்,” என்றாள். “நாலு வருசம். ஒருநாக்கூட லீவு விடல.”

பந்தியே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் இலையருகே குனிந்திருந்த மதினியின் மணிக்கட்டைப் பிடித்தவள், அடுத்த இலைக்காரர் ரசம் கேட்டும் விடவில்லை.