பட்டியலில் சந்தியாகு இல்லை

கொழும்பில் என்னை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஜீவன் தபால்காரர்தான். அவரும் தேவசகாயம் என்பதை நடுவில் ஒரு மூச்சு விட்டு இரண்டு ஆளாக்கிவிடுவார். ஆபீசில் துரைக்கு நான் டேவிட். என் பேர் டேவிட் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை, அவராகவே வைத்துக்கொண்டார். சிங்களப் பியூனுக்கு நான் 'சகாயம் மாத்தயா', அதாவது சகாயம் ஐயா. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அந்தச் சிரமமும் கிடையாது. "தூத்துக்குடிக்கு நாலு இடியாப்பம்!" என்று உள்ளே குரல் கொடுப்பார். நான் பிறந்தது சாயர்புரம், வேலை பார்த்ததுதான் தூத்துக்குடி என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதானே" என்று சிரித்துவிட்டார். வந்த புதிதில் எல்லாரோடும் மல்லுக்கு நின்றேன். இப்போது எந்தப் பேருக்கும் திரும்பிப் பார்க்கிறேன்.

இதையெல்லாம் வேடிக்கையாக எழுத வேண்டும் என்று முன்பு நினைத்திருந்தேன். வேடிக்கை போய்விட்டது. சந்தியாகு பர்னாந்து என்று ஒருவன் இருந்தான். அவன் விஷயத்தில் நான் செய்ததை ஊரில் உள்ளவர்களிடமும், என்னைப் போல் கடல் தாண்டி வந்தவர்களிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் தூத்துக்குடிக் கொட்டகைக்கு ஓர் இந்திப் படம் வந்தது. ஒரு வார்த்தை புரியாமலே மூன்று தடவை பார்த்தேன். கடைசியில் கதாநாயகன் மலையிலிருந்து விழுந்துவிடுவான். கதாநாயகி உச்சியில் நின்றுகொண்டு "சூரஜ்!" என்று ஒரு கூப்பாடு போடுவாள். கொட்டகையே மூக்கைச் சிந்தும். சில மாதம் கழித்து அதே படத்துக்குத் தமிழ்க் குரல் ஒட்டி அனுப்பினார்கள். எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு போனோம். படம் அதே படம். ஆனால் சூரஜ், கதிரவன் ஆகிவிட்டான். மலை உச்சியில் அவள் "கதிரவா!" என்று கூப்பிட்டாள். வாய் இரண்டு தடவைதான் அசைகிறது, பேர் அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது.

துறைமுகத்துக்கு எதிரே இருந்த டீக்கடை அன்றோடு இரண்டு கட்சியாயிற்று. சூரஜ் கட்சிக்கு நான் தலைவன். கதிரவன் கட்சிக்குத் தலைவன் சந்தியாகு. சங்கு குளிக்கிறவன், முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் சிப்பி கிடக்கிற பாருக்கும் போனவன். ஏழெட்டுப் பாகம், நாற்பது அடிக்கு மேலான ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்கிவிட்டு, மேலே வந்து வெற்றிலை கேட்கிற ஆள். என்னைவிட ஆறேழு வயது இளையவன். நான் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா. இரண்டு பேருக்கும் டீயைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. அந்தப் படம்தான் எங்களைச் சேர்த்துவைத்தது.

"ஏலே, பேருங்கிறது ஒருத்தனுக்கு ஒண்ணுதான். அதை மாத்தினா ஆளே மாறிப் போவான்" என்பேன் நான்.

"என்னத்தச் சொல்லுதிய அண்ணாச்சி! எங்க கோயில்ல பேதுருவ இராயப்பர்ங்கோம், பவுலச் சின்னப்பர்ங்கோம். மோட்சத்துல இருக்கவுகளுக்கு நாங்க யாரைக் கூப்பிடுதோம்னு தெரியாமலா போச்சு?"

அங்கேதான் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் சீர்திருத்தச் சபைக்காரன். எங்கள் வேதத்தில் பேதுரு பேதுருதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடத்துக்குப் பரிசு வாங்கியவன் வேறு, கேட்க வேண்டுமா? கத்தோலிக்கர்கள் அப்போஸ்தலர்களுக்கெல்லாம் தமிழ் வேஷம் கட்டிவிட்டார்கள் என்று கடை அதிரப் பேசுவேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு டீ சொல்லுவான். அவன் மனைவி ரோசலி ஒரு நாள் அவனைக் கூப்பிட வந்தவள், "ரெண்டு பேருக்கும் வேற சோலி இல்லையா? செத்தவன் சூரஜுன்னா என்ன, கதிரவன்னா என்ன? செத்துட்டாம்லா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடையே சிரித்தது.

அடுத்த வருஷம் ஆபீசில் என்னைக் கொழும்புக்கு மாற்றினார்கள். சங்கு குளியும் சரியில்லை என்று ஆறு மாதத்தில் சந்தியாகுவும் வந்து சேர்ந்தான். யுத்தத்தில் முங்கிப்போன சாமான்களைத் துறைமுகத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்; குளியாட்களுக்குக் கிராக்கி. பங்குச் சாமியாரிடம் ஞானஸ்நானச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். நான் இருப்பது கொட்டாஞ்சேனையில். அவனுக்குத் துறைமுகத்து ஆட்கள் தங்குகிற லைனில் இடம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் அறைக்கு வருவான். ஊரில் கட்சித் தலைவர்களாக இருந்தவர்கள் இங்கே ஒரே பாயில் உட்கார்ந்து கருவாடு பொரித்துச் சாப்பிட்டோம். அவனைத் தவிர என்னை இந்த ஊரில் 'அண்ணாச்சி' என்று கூப்பிட ஆளில்லை.

அந்தப் பாழாய்ப்போன படம் கொழும்புக்கும் வந்தது. கதிரவன்தான். இரண்டு பேரும் போனோம். மலை உச்சிக் காட்சி வந்தது. அவள் வாயைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவும் இல்லை, அவன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சிரித்தேன். வெளிச்சம் போட்டபோதுதான் பார்த்தேன், அவன் அழுதிருக்கிறான். ஊரைவிட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது அவனுக்கு.

"பேரு வாய்க்குச் சரியா இருக்கான்னு பாக்கிய. கூப்பிடுதவளப் பாக்க மாட்டேங்கிய" என்றான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு டிராமில் ஏறிப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. ரோஷக்காரன், வருவான் என்று இருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாவது வாரம் ரோசலியிடமிருந்து கடிதம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தார். கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிற பார்ஜ் ஒன்று கவிழ்ந்து ஆட்கள் செத்துப் போனதாகத் தோணிக்காரர்கள் சொல்லுகிறார்கள், அவுக எப்படி இருக்காக என்று விசாரித்து எழுதவும் என்று கேட்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்ஜ் கவிழ்ந்தது எனக்கும் தெரியும். செத்தவர்கள் மூட்டை தூக்குகிறவர்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்; நானும் விட்டுவிட்டேன்.

மதியமே துறைமுக ஆபீசுக்கு ஓடினேன். செத்தவர்களின் பட்டியலை இங்கிலீஷில் டைப் அடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பதினோரு பேர். விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தேன். மூன்று பெர்னாண்டோ இருந்தார்கள்: வில்லியம், ஜேம்ஸ், சைமன். நம்முடைய கரையில் பர்னாந்து என்றால் பரதவர். இங்கே அதே பேர் சிங்களவர்களுக்கும் இருக்கிறது, நீர்கொழும்புப் பக்கம் தடுக்கி விழுந்தால் பெர்னாண்டோதான். கவுண்டரில் இருந்தவரிடம், "சந்தியாகு பெர்னாண்டோ?" என்று கேட்டேன். அவரும் பட்டியலைப் பார்த்தார். "நோ சந்தியாகு" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. லைனுக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. காவல்காரர் சிங்களவர். அவன் பேரைச் சொல்லிக் கேட்டேன், விளங்கவில்லை. குளியாட்கள் என்று கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினேன். "திருகோணமலை கியா" என்றார். கியா என்றால் போய்விட்டான், போய்விட்டார்கள் எல்லாம்தான். நான் கேட்டது ஓர் ஆளை. அவர் சொன்னது ஒரு கூட்டத்தை. என்னிடம் சொல்லாமலே திருகோணமலைக்குப் போய்விட்டானா, இருக்கட்டும் பயலே என்று மனதுக்குள் வைதுகொண்டே திரும்பினேன். தவிர, சந்தியாகு முங்கிச் சாகிற ஆளா?

அன்று மாலையே எழுதிப் போட்டேன். "பட்டியலை நானே என் கண்ணால் பார்த்தேன். சந்தியாகு அதில் இல்லை. திருகோணமலையில் வேலையாக இருக்கிறான். தைரியமாக இரு."

துரை என்னை டேவிட் ஆக்கியிருக்கிறாரே, அவனையும் யாராவது ஏதாவது ஆக்கியிருப்பார்களே என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு பேர் என்று டீக்கடையில் கத்தினேன் அல்லவா, அதையே நம்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் திருகோணமலைக் கூட்டம் திரும்பியது. திட்டுவதற்கென்றே போனேன். கங்காணி மலையாளத்துக்காரர். நான் கேட்டதும் ஒரு துணி மூட்டையை எடுத்து வந்து, "ஜேம்ஸிண்டெ சாமான்" என்றார். எந்த ஜேம்ஸ் என்றேன். மூட்டையில் நான் அவனுக்குக் கொடுத்திருந்த கட்டம் போட்ட சட்டை இருந்தது. ரோசலியின் கடிதங்கள் இருந்தன. பார்ஜ் கவிழ்ந்ததும் முதலில் நான்கு பேரை மேலே இழுத்து விட்டவன் அவன்தான் என்றும், ஐந்தாவது ஆளுக்காக இறங்கியபோது பார்ஜ் இன்னும் சாய்ந்து மேலே விழுந்துவிட்டது என்றும் கங்காணி சொன்னார். எங்கே அடக்கம் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டு மூட்டையை வாங்கினேன்.

அவனை அடக்கம் செய்த கோயிலுக்குப் போனேன். சாமியாருக்குத் தமிழ் தெரியும். புத்தகத்தைத் திறந்து காட்டினார். லத்தீனில் 'யாக்கோபுஸ் பெர்னாண்டோ'. "அவருடைய ஞானஸ்நானச் சீட்டில் அப்படித்தான் இருந்தது. துறைமுகத்தில் அதை இங்கிலீஷில் ஜேம்ஸ் என்று எழுதிக்கொண்டார்கள். சந்தியாகு, யாகப்பர், ஜேம்ஸ் எல்லாம் ஒரே அப்போஸ்தலர்தானே? உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். ஜேம்ஸ் என்றால் எங்கள் வேதத்தில் யாக்கோபு என்று எனக்குத் தெரியும். சந்தியாகுவும் அதே பேர்தான் என்று தெரியாது. பரிசு வாங்கியவன் நான்.

இதைக் கடிதத்தில் எழுதக் கூடாது என்று கப்பல் ஏறினேன். தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. வெளியே தூரத்தில் நிற்கும், லாஞ்சில் இறங்கி வர வேண்டும். கரையில் இருந்த தோணிக்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, சந்தியாகு வரலையா?" என்று கேட்டார். மூட்டையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ரோசலி வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். என் கையில் மூட்டையைப் பார்த்ததும் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். பிறகு, "அடக்கத்துல என்ன பேரச் சொல்லி ஜெபிச்சாக?" என்று கேட்டாள்.

"ஜேம்ஸ்னு."

"அப்பம் அவுகளுக்குன்னு ஒருத்தரும் ஜெபிக்கல." பூவைப் பிய்த்து மீன் குடலோடு போட்டாள். "பேர மாத்தக் கூடாதுன்னு சண்டை போட்டவுக நீங்கதான? அங்கன மாத்தையில எங்க போயிருந்திய? மூணு மாசம் பூ வச்சேன் அண்ணாச்சி. நீங்க எழுதினியன்னு வச்சேன். ஊரே பாக்க மாதா கோயில்ல மெழுகுதிரி கொளுத்துனேன்."

அவள் என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் நான் திரும்பக் கிளம்பும்போது கறுப்புச் சேலையில் லாஞ்சடிக்கு வந்தாள். தோணிகளுக்குப் பேர் எழுதுகிறவரிடம் சொல்லி ஒரு பலகை செய்து வாங்கியிருந்தாள். நீலத்தில் வெள்ளை எழுத்து: சந்தியாகு பர்னாந்து, தூத்துக்குடி. "குருசு பக்கத்துல நட்டுருங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள்.

கொழும்பில் இறங்கிய மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மரச் சிலுவை, அதில் ஜேம்ஸ், கீழே ஒரு நம்பர். பக்கத்தில் குழி தோண்டிப் பலகையை நிறுத்தினேன். கல்லறைக் காவல்காரர் ஓடி வந்தார். சிலுவையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இங்க ரெண்டு ஆளா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். ஒரே ஆள்தான் என்றேன். "பேர் ரெண்டு இருக்கு. தெக்கக் பே" என்றார். இரண்டு கூடாதாம், ஒன்றை எடுக்க வேண்டுமாம். ஜேம்ஸை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பரும் அந்தப் பேரும் புத்தகத்தில் இருக்கின்றன; அந்தச் சிலுவை போனால் இது ஆளில்லாத குழி, கொஞ்ச நாளில் வேறு ஆளை இதில் போட்டுவிடுவார்கள் என்று கையாலும் வாயாலும் விளங்க வைத்தார். கோயில் ஆபீசிலும் கேட்டேன். பேரை மாற்றத் தூத்துக்குடியிலிருந்து சத்தியக் கடிதம் வேண்டும், துறைமுகம் ஒப்புக்கொள்ள வேண்டும், பார்க்கலாம் என்றார்கள்.

நான் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கு அங்கே படுக்க இடம் வேண்டுமானால் ஜேம்ஸாகத்தான் படுக்க வேண்டும்.

ரோசலிக்கு எழுதினேன்: "நட்டாயிற்று. குருசுக்கு வலப்பக்கம் நிற்கிறது. எழுத்து நன்றாகத் தெரிகிறது."

கோயில்பிள்ளை கையெழுத்தில் பதில் வந்தது. "நீங்க நட்டுட்டதா எழுதினதக் கேட்ட பொறவுதான் தொண்டையில சோறு இறங்குது. அவுக பேரு அந்த மண்ணுல நிக்குல்லா, அது போதும் அண்ணாச்சி."

பலகை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் எழுதிய இதைக் கோயில்பிள்ளை பார்க்க நேர்ந்தால் அவளுக்கு வாசித்துக் காட்டட்டும்.