எதிர்ப்பக்கத்தில் அத்தான்

எங்கள் அக்காவுக்கு நேர்கோடு என்றாலே ஆகாது. கம்ப்யூட்டரில் எழுத்துரு வரைவது அவள் தொழில். அதிலும் பழைய காலத்துப் போஸ்டர்களில் இருக்குமே, நிழலும் பூவேலையுமாக, அந்தப் பாணி என்றால் உயிர். ஒரு ‘க’ வரையச் சொன்னால் வாலில் கொடி விட்டு, கொடியில் இலை விட்டு, இலைக்கும் நிழல் போட்டுவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்குச் ‘சுருள்’ என்றே பெயர்.

பழைய சினிமா கொட்டகையைப் புதுப்பித்துத் திறக்கவிருந்த முதலாளியம்மா, பெயர்ப்பலகைக்கும் போஸ்டருக்கும் அக்காவின் எழுத்தைக் கேட்டிருந்தார். “அழகாத்தான் இருக்கு. ஆனா எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிக்கிறவங்க படிக்கணும்மா. சனிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கே வந்து பாப்பேன். படிக்க முடியலைன்னா சாதா எழுத்துதான்” என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு வருட உழைப்பு. அக்காவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

சோதனை எல்லாம் வீட்டு வாசல் சுவரில்தான். பெரிய தாளில் அச்சடித்து ஒட்டுவாள். கண் மங்கினவர்களுக்கும் தெரிகிறதா என்று பார்க்க, அத்தான் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்று உரக்கப் படிப்பார். ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் சொந்தத் தம்பியையே “யாருங்க?” என்று கேட்கிற மனிதர்! எங்கள் யாருக்கும் பொறி தட்டவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா தாளை ஒட்டினாள். “முதல் காட்சி மாலை ஆறு மணி!” என்று அத்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து கணீரென்று படித்தார். பூரித்துப்போய்ச் சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவசரத்தில் தாள் மாறியிருந்தது. சுவரில் ‘இடைவேளை’ என்ற ஒரே சொல்தான் இருந்தது.

அடப்பாவி மனுஷா!

“வீடு பூரா அதையேதானே ஒட்டி வச்சிருக்கே, மனப்பாடம் ஆயிடுச்சு” என்று அத்தான் தலையைச் சொறிந்தார். “எழுத்து எங்க தெரிஞ்சுது? நான் படிச்சதும் நீ குதிக்கிறது மட்டும் மங்கலாத் தெரியும். அது போதும்னு இருந்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அக்காவுக்கு வந்தது கோபம்தான். “உங்க பாசத்துல இடி விழ! என் பொழப்புல மண்ணைப் போடப் பாத்தீங்களே!”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுத்தை வெட்ட ஆரம்பித்தாள். எழுத்துக்குள் புகுந்திருந்த இலைகள் போயின. நிழல் மெலிந்தது. வாலில் ஒரே ஒரு சுருளை மட்டும் விட்டுவைத்தாள். “இதையும் எடுத்தா அது என் எழுத்தே இல்லடி” என்றாள்.

மாலையில் புதுத் தாள். என்ன எழுதியிருக்கிறாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை. அத்தானை எதிர்ப்பக்கம் விரட்டிவிட்டுத்தான் ஒட்டினாள். அவர் கழுத்தை நீட்டி, கண்ணை இடுக்கி, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஆரம்பித்தார்.

“பொய்... சொல்லும்... கணவருக்கு... இன்று...”

அதற்குள் பக்கத்தில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“...பட்டினி” என்று முடித்துவிட்டு அத்தான் திரும்பி, “யாருங்க?” என்றார்.

அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்த முதலாளியம்மா, அவருக்கு முன்பே படித்து முடித்திருந்தார்.