கார் ஷெட்டில் வெந்த பேரீச்சம்பழம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கே எழாது. அப்படிப்பட்டவள் ஊருக்குச் சொல்வதுபோல் எழுத உட்காருவது கொஞ்சம் அதிகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் இந்த விஷயத்தை நினைத்தால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வருவது மூடியில் கண்ணாடி பதித்த ஒரு வட்டமான கேக் அடுப்பு. என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, கல்யாணமாகி வந்தபோது சீரோடு சீராகக் கொண்டுவந்தது. அவளுடைய அப்பா கோத்தகிரிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தவர். பங்களா விருந்துகளில் செய்கிற பலகாரமெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். அதில் ஒன்றுதான் இது. கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்துக்குள் வறுத்த முந்திரியை வைத்து, உப்பும் புகையும் ஏற்றிய பன்றிக் கறியின் மெல்லிய துண்டை மேலே சுற்றி, பல்குச்சியால் குத்திச் சுடுவாள். அந்தக் கறிக்கு பேக்கன் என்று பெயர். கடித்தால் முதலில் உப்பு வரும், பிறகு கொழுப்பு, எல்லாம் கரைந்த பிறகு இனிப்பு நிற்கும். நான் தயங்கித்தான் முதல் தடவை வாயில் போட்டேன். இரண்டாவதற்குத் தயங்கவில்லை.

அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. சரவணம்பட்டியில் எங்கள் வீட்டின் முன் அறை சத்தி ரோட்டைப் பார்த்து இருந்தது. அதில் ஒரு கடை வைத்து, விருந்துகளுக்குக் கேக்கும் இந்த மாதிரி பலகாரங்களும் செய்து கொடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் அது எங்கள் குடும்பத்தில் கேள்விப்படாத சங்கதி. மோட்டார் பம்ப் கம்பெனி நடத்திய என் மாமனார் முடியாது என்று சொல்லவில்லை. யாருக்கும் எதையும் முடியாது என்று சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. “டீலருங்களுக்கு விருந்து வெக்கறோமல்ல, அன்னைக்கு நீயே பண்ணு கண்ணு. வந்தவங்க நல்லாருக்குதுன்னு சொல்லிப்போட்டா முன் ரூமு உனக்கு” என்றார். அத்தையும் முடியாது என்று சொல்லவில்லை. “கோழி ஆக்குற சட்டியில அது வேண்டாஞ்சாமி. கார் ஷெட்டுல வெச்சுக்க” என்றார், அவ்வளவுதான்.

ஆகவே கார் ஷெட்டில், டயர்களுக்கும் ஆயில் டப்பாக்களுக்கும் நடுவில், நாங்கள் இரண்டு பேரும் முக்காலி போட்டு உட்கார்ந்து பழத்துக்குக் கறி சுற்றினோம். குன்னூரிலிருந்து பஸ்ஸில் வந்த பேக்கன் பொட்டலத்தில் ஐஸ் பாதி கரைந்திருந்தது. அன்னாசித் துண்டுகளிலும் சுற்றலாம் என்று அவள் ஆசைப்பட்டாள். துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாலும் அந்தப் பழத்தின் ஈரம் போகவில்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிட்டது. அடுப்பின் கண்ணாடி வழியே பார்த்தால் கறி மொறுமொறுப்பாகாமல் வேர்த்துக்கொண்டிருந்தது. “அக்கா, இது வேகலைங்க, குளிக்குது” என்றாள். சிரித்துவிட்டோம். பிறகு பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, எல்லாவற்றையும் தோசைக்கல்லில் புரட்டிப் புரட்டி எடுத்து, மேலே கருப்பட்டிப் பாகும் மிளகுத் தூளும் தடவினோம். என் முந்தானையெல்லாம் புகை நாற்றம்.

விருந்துக்கு வருகிறவர்களில் சைவக்காரர்கள் உண்டு. டவுன்ஹால் பக்கம் செம்புக் கம்பி வியாபாரம் செய்யும் பாயும் உண்டு. அவர் மாமனாருக்கு நெடுநாள் சிநேகிதர். அவர்களுக்கென்று பேரீச்சம்பழத்தை வேறு வாணலியில், கறி படாமல், நெய்யில் தனியாக வறுத்து வைத்தாள். கொழுந்தனாரிடம் இரண்டு தடவை சொன்னாள்: “பீங்கான் தட்டு பேக்கனுங்க. பித்தளைத் தட்டு பாய்க்கும் சைவத்துக்கும்.” அவரும் “செரி, செரி” என்றார்.

தோட்டத்தில் நாற்காலி போட்டு விருந்து நடந்தது. கொழுந்தனார் பீங்கான் தட்டைத் தானே ஏந்திப் போனார். ஈரோட்டு டீலர் ஒருவர் எடுத்துப் பார்த்து, “ஏனுங்க, இது என்னதுங்க?” என்றார். விருந்தாளி முகத்துக்கு நேரே பன்றி என்று சொல்லக் கொழுந்தனாருக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அது வைகிற வார்த்தை. “கோழிதானுங்க” என்றுவிட்டார். ஒருவரிடம் சொன்னதை அடுத்தவரிடம் மாற்ற முடியுமா? எல்லோருக்கும் அது கோழியாகவே போனது. தட்டு காலியாகிக் காலியாகி வந்தது. டீலரின் மனைவி மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனுங்க அம்மணி, எம்பொண்ணு கலியாணத்துக்கு இதையே போட்டுக் குடுத்துருங்க, அசந்துபோகோணும்” என்றார். நாற்காலியில் இருந்தபடியே மாமனார் சின்ன மருமகளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். கடை கிடைத்துவிட்டது.

பாய் தொழுகை முடித்துக் கொஞ்சம் தாமதமாக வந்தார். அதற்குள் பித்தளைத் தட்டைச் சைவமும் அசைவமும் சேர்ந்து காலி செய்திருந்தார்கள். அவருக்கென்று எடுத்து மூடிவைத்தது ஷெட்டில் இருந்தது. கொழுந்தனாருக்குக் கையும் வாயும் பழகிப்போயிருந்தன. பீங்கான் தட்டை நீட்டி, “எடுங்க பாய், நம்மூட்டுக் கோழிதான்” என்றார். எங்கள் வீட்டுக்குக் கோழி ஹலால் கடையில்தான் அறுத்து வருகிறது என்பது பாய்க்குத் தெரியும். நம்பி எடுத்துவிட்டார்.

என் பக்கத்தில் நின்றவள் அடுத்த நொடி அங்கே இருந்தாள். “பாய், வாயில வெக்காதீங்க! அது கோழி இல்லீங்க, பன்னிக் கறிங்க. உங்களுக்கு வேற வெச்சிருக்கறேன்.” தோட்டம் முழுக்கக் கேட்டது.

பாய் அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “படச்சவன் உங்க ரூபத்துல வந்தான் அம்மணி” என்றார். பிறகு கொழுந்தனாரின் தோளைத் தொட்டு, “உடுங்க தம்பி, வேணும்னேவா செஞ்சீங்க?” என்றார். கோபப்பட வேண்டியவர் பாய்தான், அவர் அதோடு விட்டுவிட்டார். மற்றவர்கள்தான் விடவில்லை. ஈரோட்டுக்காரர் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். அவர் மனைவி, “அதானே, அப்பவே வயித்தப் பொரட்டுச்சு” என்றார். மூன்றையும் தின்று முடித்திருந்த அம்மா சொன்ன பேச்சு இது! யாரும் சத்தம் போடவில்லை. “ரொம்ப நல்லாருந்துச்சுங்க, வாரோமுங்க” என்று கும்பிட்டுவிட்டு ஒவ்வொரு காராகக் கிளம்பினார்கள்.

காதில் மெதுவாகச் சொல்லியிருக்கலாம், கை தவறினாற்போல் தட்டைக் கவிழ்த்திருக்கலாம் என்று சொந்தக்காரர்கள் வருஷக்கணக்கில் அவளுக்கு யோசனை சொன்னார்கள். வாய்க்கு நாலு விரல் தூரத்தில் இருந்த கைக்கு எந்த யோசனை எட்டும்? கோழி என்று சொன்னவருக்கு யோசனை சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை.

போன மாதம் அதே சத்தி ரோட்டில் ஒரு ஹோட்டலில் வரவேற்புக்குப் போயிருந்தேன். அதே பலகாரம் தட்டில் வந்தது. பரிமாறிய பெண் பேக்கன் என்று பெயர் சொல்லியே கொடுத்தாள். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் கேட்டு வாங்கித் தின்றார்கள். மகனோடு பெங்களூரில் இருக்கும் ஓரகத்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். “முந்திரி வெச்சிருந்தாங்களா, பாதாமாங்க அக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று விருந்து கலைந்ததும் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். “சபையில என்னையப் பொய்யனாக்கிப்போட்டா” என்று கொழுந்தனார் சுவரைப் பார்த்துச் சொன்னார். “அந்தக் கை வாய்க்குப் போயிருந்தா, பாய் மொகத்துல எப்படிங்க முழிக்கறது?” என்று அவள் கேட்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, “மாமா, அவ சொன்னது சரிதானுங்களே” என்றேன். மாமனார் துளியும் கோபப்படவில்லை. “சரிதாங் கண்ணு, ஆரு இல்லைன்னது? அவ சொன்னதுதான் சரி. ஆனா கடைன்னு வெச்சா நாலு பேரு வரோணுமல்ல? பாத்துக்கலாம்” என்றார். அத்தை, “சாப்படலாம் வாங்க” என்று எழுந்தார். சண்டை போட்டிருந்தால் பதில் பேசியிருக்கலாம். எல்லோரும் சரி என்றே சொல்லிவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் காலையில் கம்பெனி லாரி வந்தது. முன் அறையில் மோட்டார் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது.