ரங்கூனுக்குப் பதினெட்டு நாள்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, உலகத்தைச் சுற்றிவரத் திட்டம் போட்டார். கப்பல் டிக்கெட் விற்கும் அலுவலகத்தில் அவர் எழுத்தர். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்ததும், நாங்கள் பிழைக்க வந்த மலாய்த் துறைமுகத்தின் சூலியா தெருவில் எங்கள் கடைக்கு மேலிருந்த வீட்டில், பழைய கப்பல் அட்டவணைகளைப் பாயில் பரப்புவார். நோட்டில் கோடு போடுவதும் நாட்களைக் கூட்டுவதும் என் வேலை.

செலவு கூடாது என்பதே திட்டத்தின் விதி. கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் பயணம். நம் ஊர்க்காரர் கடை வைத்திருக்கும் துறைமுகத்தில் மட்டும் இறங்குவது. அங்கே சோறும் படுக்கையும் இலவசம். கொழும்பு, மொரிசியஸ், டர்பன், பிஜி. நம்மவர் கடை இல்லாத பனாமாவைக் கப்பலை விட்டு இறங்காமலே கடந்துவிடுவது.

"ஓசிச் சோறு திங்கிறதுக்கு உலகம் எதுக்கு தம்பி? என் அடுப்படி போதாதா?" என்றாள் உம்மா.

"ஒங்க மீன் ஆணத்துக்குப் பயந்துதானே ஓடுறேன் மதினி."

அலுவலகம் சம்பளமில்லாமல் ஏழு மாத விடுப்புக்கு ஒப்புக்கொண்டிருந்தது. என் கூட்டலில் பதினேழு நாள் அதிகம் வந்தது. மூன்று முறை கூட்டிய பிறகுதான் கவனித்தேன்: மற்ற ஊர்களுக்கு மூன்று நாள், நான்கு நாள், முதல் நிறுத்தமான ரங்கூனுக்கு மட்டும் பதினெட்டு. அதுவும், மேற்கே போகிறவர் முதலில் வடக்கே ஏறுவானேன்?

வாப்பா சாப்பிட உட்கார்ந்ததும் என் கண்டுபிடிப்பைப் பெருமையாகச் சொன்னேன். "ரங்கூனை அடிச்சிட்டா ஒரு நாள் மிச்சமே ஆகும் வாப்பா."

வாப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். "அந்தப் பேச்சு முடிஞ்சிடுச்சின்னுல்ல சொன்னே?"

சாச்சா அட்டவணைகளை ஓரம் சேர்த்து மடித்தார். தப்பாகக் கூட்டிவிட்டேனா என்று அவரிடம் கேட்டேன்.

"இல்லமா. சரியாத்தான் கூட்டியிருக்கே."

அடுத்த மாதம் அவர் ஒரே ஒரு டிக்கெட் வாங்கினார், ரங்கூன் வரைக்கும். வாப்பா வழியனுப்ப வரவில்லை. உலகம் கைவிட்டுப் போன வருத்தத்தில், மிச்ச ஊர்களின் பட்டியலைச் சாச்சாவின் சட்டைப்பையில் நான் திணித்தேன். உம்மா, காகிதத்தில் சுற்றிய ஆறு கண்ணாடி வளையல்களை அவர் பெட்டியில் கைலிகளுக்கு அடியில் வைத்தாள்.

"சாச்சாவுக்கு எதுக்கும்மா வளையல்?"

"வாப்பா காதுல விழப்போவுது. சும்மா இரு."

அவர் கொண்டுபோன சாமான்களை அன்று நோட்டில் வரிசையாக எழுதினேன். கைலி நான்கு, பாய் ஒன்று, வளையல் ஆறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் உபயோகத்தையும் குறித்தேன். வளையலுக்கு நேரே, 'என் கைக்குப் பெரிது' என்று மட்டுமே எழுத முடிந்தது.