மாதா வந்த வீடு

கடலூர் முதுநகரில் பெலிசியாவின் தெருவைக் கேட்டால் அவளை வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்லும். பதினாறு வயது, பிளஸ் ஒன். பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில், வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு 'இதோ', அத்தோடு சரி. டெலிகிராமில் அவள் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் தெருவே வாயைப் பிளந்திருக்கும்.

டியூஷனில் யாரோ அனுப்பிய லிங்க் வழியாக அந்தக் குழுவுக்குள் போனாள். முந்நூறு பேர், எல்லாம் அவள் வயதுப் பிள்ளைகள். பெயர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, போட்டோ போடக் கூடாது. அங்கே அவள் 'உப்புக்காத்து'. ஒருத்தன் பரீட்சையில் ஃபெயிலானதை வீட்டில் மறைத்துக்கொண்டிருந்தான். ஒருத்திக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே பிடிக்காது. 'அரை டிக்கெட்டு' என்று ஒரு ஆள், ஆணா பெண்ணா தெரியாது, தினமும் சாயங்காலம் "சாப்ட்டியா உப்பு?" என்று கேட்கும். அந்த ஒரு கேள்விக்காகப் பள்ளி விட்டதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவாள். சிரிக்காதீர்கள், அப்படிக் கேட்க அவளுக்கு வேறு நாதியில்லை.

அம்மா ஜெயராணிக்குத் தன் பாடே பெரும்பாடு. அப்பா மரியலூர்து எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்ப்பவர், அன்பியத்துக்குத் தலைவர் வேறு. ஒரே கோயிலைச் சேர்ந்த மக்களெல்லாம் ஒரு பங்கு; அதில் அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபம் சொல்வதைத்தான் அன்பியம் என்பார்கள். மனுஷனுக்கு அருமையான குரல், பாட ஆரம்பித்தால் கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கதவைச் சாத்திவிட்டால் அதே மனுஷன் கை நீட்டுவார். குழம்பில் உப்புக் கூடினாலும் அடி, ஜெயராணி தன் தம்பியோடு போனில் பேசினாலும் அடி.

இதை மட்டும் பெலிசியா எட்டு மாதமாக அந்தக் குழுவிலும் சொல்லவில்லை.

அக்டோபர் வந்தது. ஜெபமாலை மாதம் என்பதால் கோயிலில் இருக்கும் மாதா சுரூபம், அந்தச் சின்னச் சிலை, நாளுக்கு ஒரு வீடாகப் போய்த் தங்கும். எந்தத் தேதி யார் வீடு என்ற பட்டியலைக் கோயில் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். பதினேழாம் தேதி மரியலூர்து வீடு. ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் பெலிசியாவுக்கு நெஞ்சு தாங்கவில்லை. போனை எடுத்தாள்.

"இன்னிக்கு மாதா எங்க வீட்டுல இருக்காங்க. அப்பா கண்ணை மூடி உருகி உருகி ஜெபம் சொன்னாரு. அம்மா வீங்குன கையை முந்தானைக்குள்ள மறைச்சிக்கிட்டு எல்லாருக்கும் சுண்டல் குடுத்தாங்க. காலையில அப்பா முறுக்குன கை."

பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் அடிப் பாவி மகளே, அன்றைக்கு மாதா எந்த வீட்டில் என்பது பங்குக்கே தெரியுமே! முந்நூறு பேரும் எங்கேயோ தூரத்தில் இருப்பவர்கள் என்று நினைத்துவிட்டாள்.

முதலில் இதயங்களாக வந்து குவிந்தன. "அழாத உப்பு, நாங்க இருக்கோம்ல" என்று அரை டிக்கெட்டு எழுதியது. பெலிசியாவுக்கு உடம்பே லேசானது. மறுநாள் காலையில் அந்த எழுத்தின் ஸ்கிரீன்ஷாட் அன்பியத்து வாட்ஸ்அப்பில் கிடந்தது. கூடவே ஒரு கேள்வி: "நேத்து மாதா யாரு வீட்டுல?"

மரியலூர்து அவளை அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோர் முன்னாலும் அழுதார். "நான் பெத்த புள்ளையே இப்படி எழுதிட்டாளே!" ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். ஜெயராணி பக்கத்தில் முந்தானைக்குள் கையை வைத்தபடி, "போனைப் பாத்துப் பாத்துக் கெட்டுப்போச்சு. மன்னிச்சிடுங்க" என்றாள். பெலிசியாவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அரை டிக்கெட்டிடம் போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவும் வழியில்லை. சிதம்பரத்தில் மரியலூர்துவின் அக்கா ஆரோக்கிய ராணி வீட்டில் தங்கி அங்கேயே படிப்பது என்று முடிவானது. கொண்டுபோய் விட ஜெயராணிதான் வந்தாள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அத்தை வருவதற்காக நின்றார்கள்.

"எம்மேல கோவமாம்மா?"

"இல்லடி. நானும் படிச்சேன். ஒரு எழுத்து பொய்யில்ல." ஜெயராணி பஸ்களையே பார்த்துக்கொண்டு பேசினாள். "நாப்பது வீட்டுக்காரங்களும்தான் படிச்சாங்க. யாரு எழுதுனதுன்னு கேட்டாங்க. ஏன் எழுதுனான்னு கேட்டாங்க. எங்க, கையக் காட்டு ஜெயராணின்னு ஒருத்தி கேக்கல. கேட்டிருந்தா காட்டியிருப்பேன்டி."

"நீயும் இங்கயே இருந்துடும்மா."

"அவரு ஆறு மணிக்கு வந்துருவாரு. சோறு ஆக்கணும்."

அத்தை வந்து பையை வாங்கிக்கொண்டாள். ஜெயராணி கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை நாள் அடி விழும்போது சாத்திய கதவுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கவாவது பெலிசியா இருந்தாள். இனி அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.